ஏழாம் நம்பர் இயந்திரம்

அக்கா அறிவுத் தாகத்தால் படித்தாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு மனிதரின் மூக்கை உடைக்கத்தான் படித்தாள். ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பத்தொன்பது வருடம் அவள் பக்கத்தில் நின்று படுக்கை விரிப்பு மடித்தவள் நான். எனக்குத் தெரியாததா?

அந்த மனிதர் எங்கள் நிர்வாக அதிகாரி. மாடி வராந்தாவில் ஆள் வருவதற்கு முன்பே வாசனை வந்துவிடும் என்பதால் அவருக்கு சென்ட் என்று பெயர் வைத்திருந்தோம். கீழே சலவைப் பிரிவுக்கு மட்டும் அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அழுக்குத் துணி நாற்றம் ஆகாதாம்.

பதினோரு வருடத்துக்கு முன் அக்கா ஒரு திட்டம் எழுதினாள். அறுவை அரங்குத் துணி எப்போது, வார்டுத் துணி எப்போது, எது எந்த இயந்திரத்தில் என்று கோடு போட்ட தாளில் ஒன்பது பக்கம். அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டாள். மேற்பார்வையாளர் வேலையும் கேட்டாள். சென்ட் எங்கள் எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டு, அத்தனை பேர் முன்னால் அவளிடம் சொன்னார்.

"முதல்ல படிச்சிட்டு வாம்மா. அப்புறம் யோசனை சொல்லலாம்."

வெட்கமாக இருக்கிறது, நாங்களும் சிரித்தோம். மூன்று மாதம் கழித்து அதே திட்டம் அவர் பெயரில் அமலுக்கு வந்தது. அதைக் காட்டியே துணை இயக்குநரும் ஆகிவிட்டார்.

அக்கா முத்திரை போட்ட நகலை லாக்கரில் மாற்றுச் சீருடைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். பிள்ளைகள் கொஞ்சம் வளரட்டும் என்று கறுவிக்கொண்டே காத்திருந்தாள். நாற்பத்து நாலு வயதில், திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்தும் நிர்வாகப் படிப்பில் சேர்ந்தாள். துணி உலர்த்தும் இயந்திரம் ஒரு சுற்று ஓட நாற்பது நிமிடம். ஒரு பாடம் முப்பத்தெட்டு நிமிடம். இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, மடித்தபடியே கேட்பாள். புரியாவிட்டால் சென்ட்டை ஒரு பாட்டம் திட்டிவிட்டு மறுபடி கேட்பாள். இந்த வயதில் பட்டம் எதற்கு என்று கேட்ட புருஷனிடம், ஒருத்தன் முகத்தில் வீச என்றாளாம்.

அந்தப் படிப்பில் ஒரு வழக்கம். ஒருவர் எழுதும் கட்டுரையைப் பெயரை மறைத்து, கூடப் படிக்கும் மூன்று பேருக்கு அனுப்புவார்கள். அவர்கள்தான் மதிப்பெண் போட வேண்டும், போட்டது யார் என்றும் வெளியே தெரியாது. கடைசிப் பருவத்தில் தனக்கு வந்த கட்டுரையைத் திறந்தவள் மடிப்பதை நிறுத்திவிட்டாள். அவளுடைய ஒன்பது பக்கமும் வார்த்தை மாறாமல் அதில் இருந்தது. 'ஏழு சலவை இயந்திரங்கள்' என்பதும் இருந்தது.

அது அக்கா செய்த தப்பு. எங்களிடம் ஓடுவது ஆறுதான். ஏழாம் நம்பர் அவள் திட்டம் எழுதும் முன்பே செத்துப்போனது. அதன் தலையில்தான் டீ கப் வைப்போம். ஆனாலும் பழக்கதோஷத்தில் எல்லோரும் ஏழு என்றே சொல்வோம், அவளும் அப்படியே எழுதிவிட்டாள். கீழே வந்து எண்ணிப் பார்க்காத ஆள்தான் அதை அப்படியே தூக்கியிருக்க முடியும். இயக்குநர் பதவிக்கு அந்தப் பட்டம் தேவை என்பதால் சென்ட் யாருக்கும் சொல்லாமல் அதே படிப்பில் சேர்ந்திருந்தார்.

முட்டை போட்டு அனுப்பு என்றேன் நான்.

"முட்டை போட்டா, எவனோ ஆகாதவன் போட்டான்னு நினைச்சுக்குவான். நான்தான்னு தெரியணும்" என்றாள் அக்கா. லாக்கரைத் திறந்து நகலைப் படமெடுத்துப் புகார் அனுப்பினாள்.

விசாரணையும் இணையத்தில்தான். போன் திரையில் மூன்று பேராசிரியர்கள், கீழ் மூலையில் சென்ட். அக்காவைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் திட்டம் தன்னுடையது, இந்த அம்மா அதைப் பார்த்து எழுதியிருப்பார் என்று கூசாமல் சொன்னார். உங்கள் சலவைப் பிரிவில் எத்தனை இயந்திரம் ஓடுகிறது என்று அக்காவின் புகாரைப் பார்த்தபடியே பேராசிரியை ஒருவர் கேட்டார். ஏழு என்றார் சென்ட்.

அக்கா போனைத் திருப்பினாள். ஒன்றிலிருந்து ஆறு வரை நிதானமாகக் காட்டிவிட்டு, ஏழாம் நம்பர் முன்னால் நிறுத்தினாள். அதன் மேல் எங்கள் கப்புகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"இது நான் செஞ்ச தப்புங்க. பதினோரு வருஷமா அவர் பேர்ல இருக்கு."

சென்ட் தேறவில்லை, முதல் பாடத்திலிருந்து மறுபடி படிக்க வேண்டும் என்று முடிவானது. புகார் கொடுத்தவர் பத்து நாளுக்குள் வாபஸ் வாங்கினால் மட்டும் மறுபரிசீலனை. ஒன்பதாம் நாள் சலவைப் பிரிவுக்குள் வாசனை வந்தது, பின்னாலேயே அவரும் வந்தார். சேர்ந்து எழுதியதாக ஒரு கடிதம் கொடுத்தால் போதும், மேற்பார்வையாளர் வேலை இன்றைக்கே உனக்கு என்றார். அவள் ஆசைப்பட்ட அதே வேலை.

அக்கா உலர்த்தும் இயந்திரத்தை அப்போதுதான் ஓடவிட்டிருந்தாள். சுற்று முடியட்டும் என்றாள். நாற்பது நிமிடம் அந்த ஈர நாற்றத்தில் அவரை நிற்க வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை. மணி அடித்ததும் கதவைத் திறந்து, சூடான விரிப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"முதல்ல படிச்சிட்டு வாங்க சார். அப்புறம் யோசனை சொல்லலாம்."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இந்தத் தடவை அக்காவும் சிரித்தாள்.