நூற்றுப் பதினேழாம் பக்கம்

ஈராக்கின் பஸ்ராவில் கலைக் கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள் இப்திஹால். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள். ஆனால் தன் இயந்திரத்தில் வைக்கும் எந்தப் பக்கத்தையும் படிக்காமல் விட மாட்டாள். அந்தக் கல்லூரி வாத்தியார்களில் பாதிப் பேருக்கு இல்லாத பழக்கம் அது.

நாட்டின் மேல் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வெளியிலிருந்து புத்தகமே வராது. ஒரே பிரதியை வைத்து நகல், நகலுக்கு நகல் என்று ஊரே படித்தது. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வெளிநாட்டு நாவலின் அரபு மொழிபெயர்ப்பு பாடம். படித்தபோது உனக்கு என்ன தோன்றியது என்று சொந்தமாக இரண்டு பக்கம் எழுத வேண்டும். எழுதியதைத் தட்டச்சு செய்யப் பிள்ளைகள் அவளிடம்தான் வருவார்கள், வரும்போதே புலம்பிக்கொண்டு.

"சித்தி, இதை எழுதினவனுக்குப் பைத்தியமா, மொழிபெயர்த்தவனுக்குப் பைத்தியமா? யார் பேசறா, எப்பப் பேசறா, ஒண்ணுமே புரியலை."

"எனக்கு உன் கையெழுத்தே புரியலை. கோழி கிளறின மாதிரி இருக்கு. அதை முதல்ல சொல்லு."

இப்படி வாயடிப்பவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. தொண்ணூற்றெட்டில் கல்லூரி கொடுத்த அந்த ஒற்றைப் பிரதியில் நூற்றுப் பதினேழாம் பக்கத் தாள் இல்லை. இல்லை என்று சொன்னால் நீதான் தொலைத்தாய் என்பார்கள், கடை போய்விடும். பயத்தில் அவளே ஒரு தாளைத் தட்டச்சு செய்து, எண் போட்டுச் செருகிவிட்டாள்.

என்ன எழுதுவது? மனதில் இருந்ததைத்தான் எழுதினாள். தொண்ணூற்றொன்றில், தெருவில் டாங்குகள் நின்ற ஒரு காலையில், அவள் தம்பி ஹாதிம் ரொட்டி வாங்கப் போனான். பத்தொன்பது வயது. திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை, புதைத்த இடமென்று ஒரு கபரும் இல்லை. "டீயை ஆறவிடாதே, இதோ வந்துடறேன்" என்று ஒரு பையன் போகிறான், அக்கா ஜன்னலில் நிற்கிறாள். அவ்வளவுதான் அந்தத் தாள். அவனுக்கென்று உலகத்தில் இருந்த ஒரே இடம் அதுதான்.

ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை! அந்த நாவலில் எது வேண்டுமானாலும் வரும் என்று எல்லோரும் பழகியிருந்தார்கள். "புத்தகம் முழுக்க ஒன்றும் புரியவில்லை, அந்த ஒரு பக்கத்தில் அழுதேன்" என்று வருடா வருடம் யாராவது எழுதுவார்கள். அவள் முகத்தில் எதையும் காட்டாமல் தட்டச்சு செய்து கொடுப்பாள்.

அவளைக் கலக்கியது வேறொன்று. முதல் வருடமே ஒரு பையன், "அந்தப் பக்கத்தில் கதவு மெதுவாக மூன்று முறை தட்டப்படுகிறது, ஏன் யாருமே திறக்கவில்லை?" என்று எழுதியிருந்தான். அரைத் தூக்கத்தில் படித்திருப்பான் என்று விட்டுவிட்டாள். அடுத்த வருடம் ஒரு பெண் அதையே எழுதினாள். பிறகு இன்னொருவன். ஒருவரையொருவர் அறியாத ஒன்பது பிள்ளைகள், அதே மூன்று தட்டல். எழுதியவள் அவள். தட்டல் என்று ஒரு வார்த்தைகூட அதில் கிடையாது.

ஒன்பதாவதாக எழுதிய ரஃபல் என்ற பெண்ணைப் பிடித்து நிறுத்திக் கேட்டேவிட்டாள்.

"எந்தத் தட்டலைச் சொல்றே? எடுத்துக் காட்டு."

ரஃபல் பக்கத்தைப் புரட்டி விரலால் வரிவரியாகத் தேடினாள்.

"இங்கதான் சித்தி... இல்ல, நான் படிக்கலை. கேட்டேன்."

இப்திஹால் அந்தப் பக்கத்தை வாங்கி மூடிவைத்தாள்.

தடை நீங்கிய பிறகும் அந்தப் பழைய பிரதியே ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் வருடம் டாக்டர் லமீஸ் என்ற புது ஆசிரியை பெய்ரூத்திலிருந்து முழுப் புத்தகம் கொண்டுவந்தாள். "இனிமே இதுல இருந்து எடுங்க அக்கா. பழசைத் தூக்கிப் போட்டுடுங்க" என்று வைத்துவிட்டுப் போனாள். இப்திஹால் முதலில் நூற்றுப் பதினேழைத் திருப்பினாள். கதவு மெதுவாக மூன்று முறை தட்டப்படுகிறது. ஒரு பெண் எழுந்து போய்த் திறக்கிறாள். வெளியே நிற்பது யார் என்று புத்தகம் சொல்லவில்லை.

"அடப் பாவி ஹாதிம், பன்னிரண்டு வருஷமா தட்டிக்கிட்டே இருந்திருக்கியே! நான்தானே திறக்க விடலை" என்று வாய்விட்டே அழுதாள்.

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தன் தாளைப் புதுப் பிரதியிலும் செருகிவிடலாம், அது அவளுக்குக் கைவந்த வேலை. செருகாவிட்டால் ஹாதிமுக்கு எங்குமே இடமில்லை. செருகினால் அந்தக் கதவு மூடியேதான் இருக்கும். ஏன் யாருமே திறக்கவில்லை என்று ஒன்பது பிள்ளைகள் கேட்டது காதைவிட்டுப் போகவில்லை. மூன்றாம் நாள் தன் தாளைத் தன் கையாலேயே எரித்துவிட்டு, உள்ளது உள்ளபடி நகல் எடுத்தாள்.

அந்த வருடம் தட்டலைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. கடைசியாக மைதம் என்ற பையன் வந்தான். தட்டச்சு செய்துகொண்டே வந்தவளின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"பெண் கதவைத் திறந்தது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ரொட்டி வாங்கப் போன பையன் வந்து சேர்ந்தானா என்று சொல்லவில்லை. இடது செருப்பின் அறுந்த வாரைக் கம்பியால் கட்டியிருந்தான். அதனால்தான் மெதுவாக வருகிறான் என்று நினைக்கிறேன்."

ஹாதிம் ரொட்டி வாங்கப் போன அன்று காலை அந்தக் கம்பியை முறுக்கிக் கட்டிவிட்டவள் அவள். யாரிடமும் சொன்னதில்லை. எரித்த தாளிலும் அது இல்லை.

"சித்தி, தப்பா எழுதிட்டேனா?"

"இல்லடா. சரியாத்தான் எழுதியிருக்கே."

மதிய வெயிலுக்குத் தெருவில் எல்லாக் கடைகளும் மூடிக்கொண்டிருந்தன. மைதம் தன் தாள்களை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

"அனல் அடிக்குது சித்தி, கதவைச் சாத்திட்டுப் போகட்டுமா?"

"வேணாம், திறந்தே இருக்கட்டும்" என்றாள் இப்திஹால், டீக்குத் தண்ணீர் வைத்தபடி. "அவனால வேகமா நடக்க முடியாது."