பூசினாற்போல் இருந்த முகம்

எங்கள் தங்கை மலைமேல் கிளியூரில் காபி எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். என்னைவிட ஏழு வயது இளையவள். அப்பாவும் அம்மாவும் தோட்டத்து வேலைக்குப் போய்விட, அவளை இடுப்பில் சுமந்து திரிந்தவள் நான். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் அவள்தான். தினமும் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கி ஏறுவாள்.

இரண்டாம் ஆண்டில் விரல் மூட்டெல்லாம் வலித்தது, முடி கொட்டியது, கன்னங்கள் சிவந்தன. மலையில் வளர்ந்தவளுக்குச் சேலத்து வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சும்மா இருந்துவிட்டோம். பிறகு, பஸ்ஸில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொல்லத் தொடங்கினாள். மந்திரித்துக் கயிறு கட்டினோம். வலிப்பு வந்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம்.

மனநல மருத்துவர் அவள் கன்னத்தையும் வாய்ப்புண்ணையும் பார்த்துவிட்டு, ரத்தம், சிறுநீர், முதுகுத்தண்டு நீர், மூளை ஸ்கேன் எல்லாம் எடுக்கச் சொன்னார். லூபஸ் என்றார். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே மூளையைத் தாக்குகிறது, காத்து கருப்பு எதுவும் இல்லை என்று பொறுமையாக விளக்கினார்.

ஸ்டீராய்டு மாத்திரையும் மாதம் ஒருமுறை நரம்பில் ஏற்றும் மருந்துமாகச் சில மாதங்களில் பழைய தங்கை திரும்பி வந்தாள். மாத்திரையால் முகம் மட்டும் வட்டமாக உப்பியது. கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் முகம் உப்பினால் உடம்பு தேறியதாக அர்த்தம். அத்தை வந்து, "நொம்பப் பூசுனாப்ல ஆயிட்ட கண்ணு, தேறிட்ட" என்றார். நானும் அதையே சொன்னேன்.

"அப்ப மாத்திரைய நிறுத்திரலாமாக்கா?" என்று கேட்டாள்.

நிறுத்தவே கூடாது என்று மருத்துவர் சொன்னது நினைவிருந்தது. ஆனால் மாதாமாதம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு மலையேறி இறங்கி நானும் ஓய்ந்திருந்தேன். "கொஞ்ச நாள் உட்டுத்தான் பாரு சாமி" என்றேன்.

பத்தாம் நாள் வலிப்பு விடாமல் வந்தது. குப்பனூர் மலைப்பாதை வழியாகச் சேலத்துக்கு இறக்கினோம். மருத்துவமனையில் நான்கு நாள்தான் உயிரோடு இருந்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு இருபது வயது.

ஓராண்டாகிவிட்டது. அன்று வண்டி ஓட்டிய சித்தப்பாவுக்கும், ரத்தம் கொடுத்த அவள் தோழிகளுக்கும், எங்களிடம் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லாத மருத்துவருக்கும், காரியம் முடியும்வரை சோறாக்கிப் போட்ட லைன் வீட்டாருக்கும் நன்றி. இன்னும் பலர் இருக்கிறார்கள். எல்லோரையும் எழுதத் தெம்பில்லை, மன்னியுங்கள்.

இந்த நினைவு அட்டையில் இருப்பது அவளுக்குப் பிடிக்காத படம். நான்தான் அதைப் போடச் சொன்னேன். பார்ப்பவர்கள் நன்றாகத்தானே இருந்தாள் என்பீர்கள். மருந்து வேலை செய்துகொண்டிருந்த முகம் அது. உங்கள் வீட்டில் அப்படியொரு முகம் இருந்தால், வேளை தவறாமல் மாத்திரையை எடுத்துக் கொடுங்கள்.