நான் சொன்னதும் அவர் எழுதியதும்

எழுத்துகள் என் கண்ணுக்கு நிலையாக நிற்பதில்லை. ‘ல’வும் ‘வ’வும் குழம்பும், ஒரு வரியை முடிப்பதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகும். எட்டாம் வகுப்புவரை மதுக்கரையில் எல்லோரும் என்னைச் சோம்பேறி என்றார்கள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ‘டிஸ்லெக்சியா’ என்று சான்றிதழ் கொடுத்த அன்று, சிமெண்ட் லாரி ஓட்டும் அப்பா பஸ் ஸ்டாண்டிலேயே அழுதுவிட்டார்.

“உன்னைய எத்தன அடி அடிச்சுப்போட்டேன் கண்ணு.”

சான்றிதழ் இருந்ததால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் நான் விடை சொல்ல, ஓர் ஆசிரியர் எழுதினார். அறிவியல் தேர்வன்று கிட்டப்பார்வைக்குக் குவிலென்ஸ் என்றேன். அவர் பேனாவை நிறுத்தினார்.

“நல்லா யோசிச்சுச் சொல்லு அம்மணி.”

“குவிலென்ஸ்தானுங்க சார்.”

“செரி, நான் பாத்து எழுதிக்கறேன்.”

“வேண்டாங்க சார். நான் சொன்னதையே எழுதுங்க.”

தலையாட்டிவிட்டு எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அவர் கையெழுத்தை என்னால் படிக்க முடியவில்லை. வாசித்துக் காட்டச் சொல்லப் பயம். வெளியே வந்த பிறகுதான் சரியான விடை குழிலென்ஸ் என்று தெரிந்தது.

அறிவியலில் எண்பத்தாறு வந்தது. வீட்டில் இனிப்பு வாங்கினார்கள். “எழுதுனது வாத்தியாரு, பாஸானது இவளா?” என்று அத்தை சிரித்தார். எனக்கும் அந்தச் சந்தேகம்தான்.

பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது சான்றிதழைக் கொடுக்கவே இல்லை. நானே எழுதினேன். நேரம் போதவில்லை, மூன்று தாள்களில் தோற்றேன்.

“ஏஞ்சாமி, சர்டிபிகேட்ட ஏன் குடுக்கல?” என்றார் அப்பா.

“குடுத்தா, வேற யாரோ எழுதி பாஸ் பண்ணுனேன்னு சொல்லுவாங்கப்பா.”

“சொன்னாச் சொல்லட்டும். உனக்குத் தெரியுமில்ல?”

“தெரியாதுங்கப்பா.”

அந்த லென்ஸ் விஷயத்தை அன்றுதான் முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன். அப்பா, “இனிமே படிச்சுக்காட்டச் சொல்லிக் கேளு கண்ணு. கேக்கறதுக்கு என்ன வெக்கம்?” என்றார்.

மறுதேர்வுக்குச் சான்றிதழைக் கொடுத்தேன். எனக்காக எழுதிய ஆசிரியையிடம் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். “ஒவ்வொண்ணுக்குமா? நேரம் போகுதும்மா” என்று சலித்துக்கொண்டார். ஆனாலும் ஒவ்வொரு விடைக்கும் கேட்டேன். இரண்டு இடங்களில் நான் சொல்லாத வார்த்தைகள் இருந்தன. அவற்றை அடித்துவிடச் சொன்னேன்.

இரண்டு தாள்கள் தேறின. கணிதம் மறுபடியும் போனது. அந்தத் தோல்வியாவது முழுக்க என்னுடையது என்று ஆறுதலடைந்தேனா என்றால், இல்லை. அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் வகுப்புக்குப் போனேன். கணிதத் தேர்வுக்கு மீண்டும் விண்ணப்பித்திருக்கிறேன்.