மேல்சட்டைப் பையில் ஒரு விடுதி அட்டை

அண்ணாவின் மேல்சட்டைப் பையில் ஓர் அட்டை இருக்கிறது. ஓரங்கள் மங்கி, நடுவில் மடிப்பு விழுந்த அட்டை; சட்டையைத் துவைக்கப் போடும்போதெல்லாம் எடுத்துவைத்து, பிறகு அவரிடமே கொடுத்துவிடுவேன். அதன் ஒரு பக்கத்தில் செங்டூ நகரத்து விடுதியொன்றின் பெயரும் தெருவும் சீன எழுத்தில் உள்ளன. என்னை இங்கே சேர்த்துவிடுங்கள் என்று கேட்கும் வரியொன்றும் அதில் உண்டென விடுதிப் பெண் சொன்னாள். மறுபக்கம் நெடுங்காலம் வெறுமையாக இருந்தது.

ஏழு வருடங்களுக்கு முன், நூலக வேலையாக ஒரு வாரம் செங்டூ போக நேர்ந்தபோது, அண்ணி இறந்தபின் வீட்டுக்குள்ளேயே முடங்கியிருந்த அண்ணாவையும் அழைத்துப் போனேன். ஒஸ்லோவில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். எந்த ஊரிலும் தனக்குத் திசை தப்பாது என்று நம்பியவர். அந்த நகரமோ முதல் நாளே எங்களைக் கைக்குழந்தைகளாக்கிற்று. வழக்கமாகப் பார்க்கும் வரைபடம் கைபேசியில் திறக்கவில்லை. பழ வண்டிக்காரர்கூடக் காசைத் தள்ளிவிட்டு, கைபேசியால் படம்பிடிக்க வேண்டிய சதுரக் குறியைக் காட்டினார். பணம் கட்டுவதும் மொழிபெயர்ப்பதும் என் கைபேசி ஒன்றால்தான் முடிந்தன. ஆகவே அட்டையை அவர் பையில் வைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"பஸ் ஓட்டினவனுக்கு விலாசத் துண்டோ? சும்மா போ, பிள்ளை."

அது வெறும் வீம்பு அல்ல. ஒஸ்லோவில் அகதியாக வந்திறங்கிய நாளில், யாரோ எழுதிக்கொடுத்த விலாசத்தைப் பனிக்குள் நின்று வருவோர் போவோரிடமெல்லாம் நீட்டியவர் அவர். இனி ஒருவரிடமும் துண்டு நீட்டுவதில்லை என்று அன்றே முடிவெடுத்திருந்தார். ஆனாலும் வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள், சுரங்க ரயில் மாறும் நிலையமொன்றில், கூட்டம் என்னை உள்ளே தள்ளிற்று, கதவு மூடியது. கண்ணாடிக்கு அப்பால் அண்ணா கையை உயர்த்தியபடி நின்றார். அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வந்தபோது அவர் அங்கில்லை. இரண்டு மணி நேரம் வாயில் வாயிலாகத் தேடிவிட்டு விடுதிக்கு ஓடிவந்தால், முகப்பில் சாய்ந்திருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தெருக் கூட்டும் பெண்ணொருத்தி அட்டையை வாசித்து, துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, வாசல்வரை கூட்டிவந்தாளாம்.

"எங்கை துலைஞ்சனீ? நான் எப்பவோ வந்திட்டன்," என்றார். பிறகு அட்டையைத் தடவியபடி, "மற்றக் கடதாசியெல்லாம் நீ ஆர், ஏன் வந்தனீ எண்டு கேக்கும். இது ஒண்டும் கேக்கேல்லை."

அன்றிலிருந்து அது அவருடையதாயிற்று.

இப்போது அவர் ஒஸ்லோவின் ஓரத்திலுள்ள ட்வெய்ட்டாவில் என்னோடு இருக்கிறார். மறதி முதலில் பெயர்களைக் கொண்டுபோயிற்று, பிறகு தெருக்களை. நான் நோர்வேஜிய மொழியில் விலாசம் எழுதிப் பையில் வைத்த துண்டுகளையெல்லாம் கிழித்துப் போட்டார். தெரிந்தவர்கள் கதவைப் பூட்டிவைக்கச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. செங்டூவில் அவரைக் கண்டதுமே வழியறியாதவர் என்று எவருக்கும் தெரிந்திருக்கும். இங்கே அவர் நிமிர்ந்து, பழகிய நடையில் போகிறார். ஒருவரும் மறித்துக் கேட்கமாட்டார்கள். ஒருநாள் அப்படியே போய்விடுவார் என்ற பயம் என்னோடு படுத்து என்னோடு எழும்பியது.

கடந்த மாசியில் ஒரு நண்பகல், அவரோடு முன்பு வேலை செய்த சோமாலியச் சாரதி அழைத்தார். எங்கள் வீட்டில் பலமுறை சாப்பிட்டவர். அண்ணா தன் பஸ்ஸில் ஏறி ஓர் அட்டையை நீட்டி, அங்கே இறக்கிவிடச் சொல்கிறார் என்றார். இந்த பஸ் சீனாவுக்குப் போகாது என்று சொல்லியும் இறங்குகிறாரில்லை என்று சிரித்தவர், சிரிப்பை முடிக்காமலே விரைவாக வரச் சொன்னார். கடைசித் தரிப்பிடத்தில், சாரதிக்குப் பின் இருக்கையில், சாரதியின் குளிரங்கியைப் போர்த்தியபடி அண்ணா இருந்தார். காலில் வீட்டுச் செருப்பு.

அன்று மாலை அட்டையின் வெற்றுப் பக்கத்தில் எங்கள் தெருவையும் இலக்கத்தையும் என் தொலைபேசி எண்ணையும் எழுதினேன். அண்ணா பக்கத்தில் இருந்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார்.

"இது ஆரின்ரை வீடு?"

"எங்கடை வீடு, அண்ணா."

நம்பினாரோ தெரியாது. கிழிக்கவில்லை. அட்டையைத் திருப்பி, நாங்கள் இருவருமே வாசிக்க அறியாத எழுத்துகள் வெளியே தெரியும்படி பையில் வைத்து, மேலே ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.