திருத்தமே இல்லாமல் திரும்பி வந்த ஒப்பந்தம்

பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் ஒப்பந்தக் கோப்புகளைப் பார்க்கும் கண்காணிப்பாளருக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். வைத்தவர்கள் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள். யார் யார் என்பதும் அவருக்குத் தெரியும். மனைவி புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தால், கடைக்காரன் இந்த நிறத்தை ஏன் தள்ளிவிட்டான் என்று இரண்டு நாள் யோசிக்கிற மனிதர்.

இருபத்தாறு வருட சர்வீஸில் அவர் தெரிந்துகொண்டது இதுதான்: கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவன் ஒன்று படிக்கவில்லை, இல்லையென்றால் ஏமாற்றுகிறான். துணைவேந்தர்கள் இதில் சேர்த்தியில்லை. அவர்கள் படிப்பதில்லை என்பது ஊரறிந்த விஷயம்.

ஆற்றுக்கு அக்கரை வேறு நாடு. அங்கே இருக்கும் பல்கலைக்கழகத்தோடு கூட்டு ஆராய்ச்சி ஒப்பந்தம் ஒன்று தயாரானது. ஒரே ஆற்றின் தண்ணீரை இரு பக்கத்து மாணவர்களும் எதிர்க்கரை ஆய்வகத்தில் நான்கு மாதம் தங்கிச் சோதிக்கலாம். முதலில் போகவேண்டியவள் பூதக்கண்ணாடியின் அக்கா மகள். ஆறு வற்றிக் கிடக்கும்போதே அவள் தண்ணீர் எடுத்தாகவேண்டும். மழை பிடித்துவிட்டால் அடுத்த கோடைதான். ஆராய்ச்சிப் படிப்பின் கெடு அதற்குள் முடிந்துவிடும். சொந்தக்காரி விஷயம் என்பதால் அவருக்குத் தன்மேலேயே லேசான சந்தேகம் இருந்தது.

முப்பத்தெட்டுப் பக்க வரைவை அக்கரைக்கு அனுப்பினார். பத்தாம் நாள் திரும்பி வந்தது. ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. ‘சம்மதம்’ என்று ஒரே வரி. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. கேட்டதையெல்லாம் ஒருவன் கொடுக்கிறான் என்றால், நாம் கேட்க மறந்த எதையோ எடுத்துக்கொள்ளப் போகிறான்.

எலிப்பொறியில் தேங்காய்த் துண்டு வைப்பதுபோல் பன்னிரண்டாம் பிரிவு என்று புதிதாக ஒன்றைச் சேர்த்து மறுபடி அக்கரைக்கு அனுப்பினார்: ‘வருகை மாணவர் முதல் இரண்டு மாதம் தான் போய்த் தங்கும் பல்கலைக்கழக அலுவலகத்தின் கோப்புகளை அடுக்கித் தரவேண்டும்.’ படிக்கிறவனாக இருந்தால் கோபித்து எழுதுவான்; உடனே எடுத்துவிடலாம்.

யாரும் கோபிக்கவில்லை. அக்கரைத் துணைவேந்தரின் கையெழுத்தோடு ஒப்பந்தம் நேராக நம் துணைவேந்தர் அறைக்குப் போனது. புகைப்படக்காரர் தயாராக நின்றார், நம்மவரும் போட்டுவிட்டார். பூதக்கண்ணாடியின் மேஜைக்கு வந்தபோது மை காய்ந்திருந்தது. பன்னிரண்டாம் பிரிவு அப்படியே இருந்தது.

பிரதியைப் படித்துவிட்டு அக்கா மகள் அலுவலகத்துக்கே வந்தாள். “மாமா, நான் அங்க போய் ரெண்டு மாசம் ஃபைல் அடுக்கணுமாம். அதுக்குள்ள மழை வந்துடும். எந்தக் கழுதை இதை எழுதிச்சு?”

கழுதை அவளுக்கு ஒரு காபி சொல்லி அனுப்பியது.

பிரிவை நீக்க ஒரே வழி, இரு பக்க அலுவலகமும் ஒத்துக்கொண்டு திருத்தக் கடிதம் போடுவது. இருபத்தாறு வருடத்தில் அவர் பேரில் ஒரு திருத்தக் கடிதம்கூடப் போனதில்லை. இரண்டு நாள் கோப்பை மேஜைக்கும் பீரோவுக்கும் மாற்றிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அக்கா போனில் கூப்பிட்டு, தாய்மாமன் என்று ஒருவன் இருந்தும் பிள்ளை அழுதுகொண்டிருக்கிறாள் என்றாள். அதற்குப் பிறகுதான் அக்கரை எண்ணைச் சுற்றினார். எடுத்தது அவரைப்போலவே ஒப்பந்தக் கோப்பு பார்க்கும் ஓர் அம்மாள். குரலும் அவருடையதைப்போலவே வறண்டிருந்தது.

“பன்னெண்டாவது பிரிவுதானே சார்? வந்த அன்னிக்கே பார்த்தோம். எங்களைச் சோதிக்கிறீங்கன்னு தெரிஞ்சுது. பேசாம இருந்துட்டோம்.”

“ஏம்மா பேசாம இருந்தீங்க?”

“முதல் வரைவுல எல்லாத்தையும் ரெண்டு பக்கத்துக்கும் சரிசமமா எழுதியிருந்தீங்களே, அப்பவே சந்தேகம். திருத்தம் கேட்டா எதுலயாவது மாட்டிப்போம்னுதான் சம்மதம்னு அனுப்பினோம். ரெண்டாவது தடவை நாங்களும் ஒண்ணு வச்சு அனுப்பினோம். இன்னும் கண்ணுல படலையா?”

பன்னிரண்டைத் தவிர வேறு எதையும் அவர் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

பிழை தன் பக்கத்தது என்று அவர் கைப்பட எழுதிக் கொடுத்தால் தானும் கையெழுத்துப் போடுவதாக அம்மாள் சொன்னாள். ‘என் கவனக்குறைவால்’ என்று தொடங்கும் கடிதத்தை மூன்று முறை கிழித்து, நான்காம் முறை எழுதி முடித்தார். ஒரு வாரத்தில் பிரிவு நீங்கியது. ஆற்றில் மணல்திட்டுகள் தெரியும்போதே அக்கா மகள் அக்கரை சேர்ந்தாள்.

அவர்கள் வைத்தது என்ன என்று மட்டும் அம்மாள் சொல்லவில்லை. தினமும் மதிய இடைவேளையில் அவர் முப்பத்தெட்டுப் பக்கத்தையும் பழைய வரைவோடு வரிவரியாக ஒப்பிட்டார். ஒன்றும் அகப்படவில்லை. அப்படி ஒன்று இல்லவே இல்லையோ என்று தோன்ற ஆரம்பித்த நாளில் அக்கா மகள் போன் செய்தாள். தண்ணீர் எடுத்தாகிவிட்டது, ஜன்னலோரமாக மேஜை கிடைத்திருக்கிறது, அறை பார்த்துக் கொடுத்ததும் அந்த அம்மாள்தானாம்.

“ரொம்ப நல்லவங்க மாமா.”

போனை வைத்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.