மாமனார் கேட்காத குரல்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு ரேடியோவில் நான் ஒருத்தரை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மூச்சுக்கூட விடாமல் நின்றுகொண்டும் இருந்தேன். இரண்டு பேரும் நான்தான். கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மாமனாருக்கு அது தெரியாது. தெரிந்துவிடக் கூடாதே என்று நான் வேண்டாத சாமியில்லை.

அப்போது அறுபதுகளின் தொடக்கம். திருமயத்தில் கோட்டையைப் பார்த்தாற்போல ஒரு தெருவில் எங்கள் வீடு. நான் பிறந்தது திருச்சி. பள்ளிக்கூட நாடகம் என்றால் ராஜா வேஷம் எனக்குத்தான், ஏனென்றால் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி பேச என்னை விட்டால் ஆள் கிடையாது. அப்படிப்பட்டவளைக் கட்டிக்கொடுத்தது, மாமனார் எதிரில் மருமகள் வாய் திறக்கக் கூடாது என்கிற வீட்டில். யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை. வந்த முதல் நாளே மாமியார் காதோடு, “அவுக இருக்கும்போது சத்தம் வெளிய வரக் கூடாது ஆத்தா” என்றார், அவ்வளவுதான். தன்னுடைய மாமனார் செத்த அன்றைக்கு அழுததுதான் அவர் முன்னால் தான் போட்ட முதல் சத்தம் என்று மாமியாரே ஒரு நாள் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே நாலு வருஷமாக நான் மாமனாரிடம் பேசியதெல்லாம் பாத்திரங்களைக் கொண்டுதான். சாப்பாடு தயாரென்றால் சொம்பை ணங்கென்று தரையில் வைப்பேன். வாசலில் ஆள் வந்திருந்தால் வளையலைக் குலுக்குவேன். அவர் திட்டுகிறவர், கோபக்காரர் என்றெல்லாம் இல்லை. பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காதவனை அவன் உட்கார்ந்திருக்கிற தினுசை வைத்தே பிடித்துவிடுவார் என்று ஊரில் பேர். அந்தப் பார்வைதான் எனக்குப் பயம்.

திருச்சி ரேடியோ நிலையத்தில் என் சிநேகிதியின் அக்கா வேலை பார்த்தாள். வாராவாரம் ஒரு சிரிப்பு நாடகம் வரப்போகிறது, புருஷன் பெண்டாட்டி கதை, பெண்டாட்டிக்குக் குரல் தேடுகிறார்கள், வந்து பேசிப்பார் என்று எழுதினாள். கடிதத்தை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் தாலுகா ஆபீஸ் கிளார்க், நாடகப் பைத்தியம். அப்பாவுக்கு முன்னால் நிற்கவே தெம்பில்லாதவர், அன்றைக்கு எங்கிருந்தோ தைரியம் வந்து, “போய்த்தான் பேசிட்டு வாயேன், என்ன வந்துறப் போவுது” என்றார். பேசினேன். என்னையே எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் பதின்மூன்று வாரம்.

வீட்டில் என்ன சொல்வது? பல்வலி என்று சொன்னோம். திருச்சியில் நல்ல பல் டாக்டர் இருக்கிறார், இரண்டு மூன்று தடவை வரச் சொல்கிறார் என்று. “எந்தப் பல்லு?” என்று மாமியார் கேட்டபோது நான் ஒரு பக்கமும் என் வீட்டுக்காரர் இன்னொரு பக்கமும் கையைக் காட்டினோம். மாமியார் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு தடவை போய், குழந்தையை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, மூன்று வாரத்துக்குப் பேசிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒலிப்பதிவு அறையில் முதல் நாள் நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை. “வாசிக்கிறீங்கம்மா. வீட்டுல திட்டுற மாதிரி திட்டுங்க” என்றார் நாடகத்தை நடத்தியவர். வீட்டில் நான் எங்கே திட்டினேன்? திட்டு வாங்கித்தான் பழக்கம். சட்டென்று மாமியார் ஞாபகம் வந்தது. அவர் என் மாமனாரைத் திட்டுவது ஒரு தனி அழகு. கோபம் இருக்காது, நிறுத்தமும் இருக்காது. எழுதியிருந்ததை ஓரமாக வைத்துவிட்டு அந்த ராகத்தில், அந்த இழுவையில் எடுத்து விட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு இருந்த சந்தோஷம், கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. மாமனார் ஒரு வார்த்தை ‘வேண்டாம்’ என்று சொன்னால் அந்தச் சந்தோஷம் மூன்று வாரத்தோடு முடிந்துபோகும். கதவுக்குப் பின்னால் நின்றபோது எனக்கு இருந்த பயம் இதுதான்.

முதல் வாரம் கேட்கப் பக்கத்து வீட்டு வாத்தியாரும் அவர் சம்சாரமும் வந்தார்கள். தெருவில் ரேடியோ எங்கள் வீட்டில்தான். ஆண்கள் கூடத்தில், பெண்கள் சமையலறையில். மாமியார் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். குழந்தை கூடத்துத் தொட்டிலில் தூங்கியது. பத்து மாதம், அப்போதுதான் வேகமாகத் தவழ ஆரம்பித்திருந்தாள். ரேடியோ சூடேறிக் கரகரத்து, வாத்தியம் முழங்கி, நான் வந்தேன்.

“ஏங்க, நான் என்ன பந்தக்காலா? ஒங்க பாட்டுக்குச் சுத்திச் சுத்திப் போறீங்க? இங்கிட்டுத் திரும்புங்க. காது ரெண்டு இருக்குல்ல, ஒண்ணு ஊருக்கு, இன்னொண்ணும் ஊருக்கேன்னு வச்சிருக்கீங்களா?”

முறத்தில் மாமியாரின் கை நின்றது. வாத்தியார் சம்சாரம் என்னைப் பார்த்தாள், ரேடியோ இருக்கிற பக்கம் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்துவிட்டு முந்தானையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள். கிணற்றடியில் தினமும் என்னோடு வாயாடுகிறவளுக்குத் தெரியாதா என் குரல்? கூடத்து ஆண்களையே நினைத்துப் பயந்துகொண்டிருந்த மடச்சி, இந்த இரண்டு பேரை நான் நினைக்கவேயில்லை.

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இதுதான் அந்தப் பல்லு வலியா?”

தலையை ஆட்டினேன். அதற்குள் ரேடியோவில் இரண்டாவது வசவு ஆரம்பித்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னறிவிப்பில்லாமல் விருந்தாளியைக் கூட்டிவந்த புருஷனை நான் அங்குலம் அங்குலமாக விசாரித்துக்கொண்டிருந்தேன். மாமியாரின் முகம் மாறியது.

“அடிப்பாவி, இது என் வசவுல்ல?”

நின்ற இடத்திலேயே பூமி பிளக்காதா என்றிருந்தது. அந்தச் சமயம் கூடத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்றுதான் நினைத்தேன். மாமனார் சிரித்துக்கொண்டிருந்தார். நாலு வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதேயில்லை. என் குரல் அவருக்குத் தெரியாத மாதிரி அவர் சிரிப்பும் எனக்குத் தெரியாமல்தான் இருந்திருக்கிறது.

“அடியே, இங்க வந்து கேளு! ரேடியோக்குள்ள ஒன்னைய மாதிரியே ஒருத்தி உக்காந்திருக்காடி!”

நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கூடத்துக்குக் கேட்கிற மாதிரி, “உக்காந்திருந்தா உக்காந்திருந்துட்டுப் போறா. நீங்க பேசாம கேளுங்க” என்றார். காலில் விழலாம் போலிருந்தது.

கூடத்தில் வாத்தியார் தன் அபிப்பிராயத்தைச் சொன்னார். “இது மெட்ராஸ்ல பெரிய நடிகையா இருக்கும். நம்ம பக்கத்துப் பேச்சைப் பழகிட்டுப் பேசுறா.”

“மெட்ராஸ்காரிக்கு இந்த இழுவை வருமா?” என்றார் மாமனார். “இது நம்ம பக்கந்தான். அதுவும் இங்கிட்டு, புதுக்கோட்டைக்குத் தெக்க.”

என் வீட்டுக்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கதவிடுக்கு வழியாக எனக்கு அவர் முதுகு மட்டும் தெரிந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

இந்தச் சிரிப்புச் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் தூக்கித் தரையில் விட்டார். சமையலறைப் பக்கம் தவழ்ந்து வருவாள் என்று பார்த்தால், நேராக ரேடியோ இருந்த முக்காலிக்குப் போனாள். அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, துணி மூடிய அதன் முகத்தை இரண்டு கையாலும் படபடவென்று தட்டினாள். “ம்மா” என்றாள்.

“பயபுள்ளைக்கும் நாடகம் புடிச்சிருக்கு” என்று வாத்தியார் சிரித்தார். மாமனாரும் சிரித்தார். ரேடியோப் புருஷன் பேசும்போது அவள் அலுத்துப்போய்க் கீழே உட்கார்ந்தாள். நான் பேச ஆரம்பித்ததும் மறுபடி எழுந்து தட்டினாள். அவன் பேசினால் உட்கார்ந்தாள். நான் பேசினால் எழுந்தாள். மூன்றாவது தடவை எழுந்தபோது வாத்தியார் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்தார். மாமனார் ரேடியோவைக் கேட்பதை விட்டுவிட்டுக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாடகம் முடிந்தது. உள்ளே போன அம்மா திரும்பி வரவில்லை என்று குழந்தை ரேடியோவைப் பார்த்து வீறிட்டாள். மாலை மாலையாகக் கண்ணீர். பெற்றவள் எத்தனை நேரம் பொறுப்பாள்? தலையைக் குனிந்துகொண்டு கூடத்துக்குள் போய் அவளைத் தூக்கினேன். அந்த நொடியே அழுகை நின்றது. என் தோளில் முகத்தைப் புதைத்துவிட்டு, ஒரு தடவை சந்தேகமாக ரேடியோவைத் திரும்பிப் பார்த்தாள். மாமனார் குழந்தையைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எந்த ஊர் வரைக்கும் டிக்கெட் என்று கேட்கிற அதே பார்வை.

அடுத்த வாரமும் வருவதாகச் சொல்லிவிட்டு வாத்தியாரும் சம்சாரமும் கிளம்பினார்கள். அவள் வாசலைத் தாண்டியதும் முந்தானையை வாயிலிருந்து எடுத்துச் சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டது.

மாமனார் ரேடியோவை அணைத்தார். மகனைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். “டிக்கெட் எடுக்காம ரெண்டு பேரும் எம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்க?”

“அப்பா... ரெண்டு தடவைதான் போயிருக்கோம். மூணு வாரத்துக்குப் பேசியாச்சு.” என் வீட்டுக்காரர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

மாமனார் நாற்காலியில் போய்ச் சாய்ந்தார். முடிந்தது, இனிமேல் சொம்பும் வளையலும்தான் என்று நினைத்தேன். அப்போது மாமியார் முறத்தோடு கூடத்துக்கு வந்தார்.

“வாத்தியார் முன்னால விழுந்து விழுந்து சிரிச்சீங்கல்ல? சிரிச்ச வாயால இப்பத் திட்டக் கூடாது. அதுல வந்த வசவு பூராவும் என்னோடது. பாராட்டுறதா இருந்தா மொதல்ல என்னையப் பாராட்டிட்டு அப்பறம் அவளைப் பாராட்டுங்க.”

மாமனார் மீசையைத் தடவினார். சிரிப்பை மறைக்கத்தான் என்று இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை. “இன்னும் எத்தனை வாரத்துக்குப் பேசணும்?” என்று மகனிடம் கேட்டார்.

“பத்து வாரத்துக்குப்பா.”

“பொய் சொல்லிட்டுப் போக வேணாம்னு சொல்லு. நேராச் சொல்லிட்டுப் போகட்டும். பஸ்ஸுல முன் சீட்டுக்கு நான் சொல்லி வைக்கிறேன்.”

எனக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. குழந்தையின் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அத்தோடு விட்டுவிடுவார் என்று உள்ளே போகத் திரும்பினேன். அவர் விடவில்லை. என்னைப் பார்க்காமல், அணைந்து கிடந்த ரேடியோவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ஊரு பூரா கேக்குது. நாலு வருஷமா ஒரே கூரைக்குள்ள இருக்கேன், நான் கேக்கல.” கொஞ்சம் பொறுத்து மாமியாரிடம், “எங்கிட்ட ஏதாச்சும் ஒண்ணு பேசச் சொல்லேன்” என்றார்.

“நடுவுல நான் எதுக்கு? அவளுக்கு வாயில்லையா? இப்பத்தானே கேட்டீங்க” என்று சொல்லிவிட்டு மாமியார் முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினேன். அத்தனை ஊர்களுக்கும் கேட்கிற மாதிரி கத்தியவளுக்கு, நாலு அடி தூரத்துக்குக் குரல் எழவில்லை. என்ன பேசுவது? இத்தனை வருஷம் பேசாமல் இருந்துவிட்டு முதல் வார்த்தையாக எதைச் சொல்வது? மணி மூன்று ஆகியிருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“காப்பி போடவா, மாமா?”

“போடு ஆத்தா” என்றார். உள்ளே இரண்டு எட்டு வைத்திருப்பேன். இதற்காகவே காத்திருந்த மாதிரி அவசரமாகக் கூப்பிட்டார். “சீனி மட்டும் கொஞ்சம் கொறச்சுப் போடு.”

அந்த வீட்டுக்குக் காப்பிப் பழக்கத்தைக் கொண்டுவந்தவளே நான்தான். நாலு வருஷமாகத் தினமும் இரண்டு வேளை, குவித்து இரண்டு கரண்டி சீனி போட்டு, டம்ளரை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்திருக்கிறேன். வேறு யாரிடமாவது சொல்லியனுப்பினால் மருமகளைக் குறை சொன்னதாகிவிடும் என்று, அவரும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்திருக்கிறார்.