நாளைக்கு டீச்சரின் வெள்ளிக்கிழமைப் பீரியடு

எங்கள் பள்ளியில் புவியியல் நடத்துகிறவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் நாளைக்கு டீச்சர். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் கதை எழுதச் சொல்வார். கதை நடப்பது முப்பது வருடம் கழித்து, இதே ஊரில், வெயிலும் மழையும் தாறுமாறாகிவிட்ட காலத்தில். அந்தப் பீரியடை என் கணக்குப் பாடத்துக்குக் கேட்டு நாலு வருடமாகத் தலைமையாசிரியையின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தேன். அதை மறைக்கப் போவதில்லை.

இந்தக் கதைப் பீரியடு ஆரம்பித்தது அவர் வீட்டில். "நான் பெரியவனாகும்போது உலகம் இருக்குமாம்மா?" என்று இளைய மகன் கேட்டிருக்கிறான். டீச்சர் வெப்பநிலை வரைபடத்தை விரித்து அரைமணி நேரம் விளக்கினார். பையன் தலையாட்டினான், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "பாடம் நல்லாத்தான் நடத்தினேன் சார். பிள்ளையை பயத்தோட தனியா விட்டுட்டேன்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

முதல் வருடம் முப்பத்தெட்டுப் பேரும் கதையில் உலகத்தை அழித்துவிட்டார்கள். டீச்சர் போட்ட கத்தல் பக்கத்து வகுப்பில் இருந்த எனக்கே கேட்டது. "எல்லாரையும் சாகடிக்கிறது சோம்பேறித்தனம்! மூணே வரியில முடிஞ்சிரும். உசிரோட வெச்சு எழுதிப் பாருங்க, அப்பத் தெரியும் கஷ்டம்!" அன்றிலிருந்து இரண்டு விதி. ஊரே சாகக் கூடாது. காப்பாற்ற வெளியிலிருந்து யாரும் வரக் கூடாது, ஹெலிகாப்டர் உட்பட. வீட்டிலோ தெருவிலோ இருக்கிறவர்கள்தான் சமாளிக்க வேண்டும்.

போன மாதம், டீச்சரும் நானும் தலைமையாசிரியை அறையில் இருந்தபோது, ஒரு மாணவியின் அப்பா உள்ளே நுழைந்தார். பிளம்பர். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், சட்டை முழங்கை வரை ஈரம்.

"நாலு நாளா பொண்ணு தூங்கல மேடம். வீட்டுக்குள்ள தண்ணி வருதுன்னு அழுவுறா. சின்னப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் என்ன பாடம்?"

தலைமையாசிரியை டீச்சரைப் பார்த்தார். "பிள்ளைங்க பயப்படுறாங்கன்னா இதை நிறுத்திடலாம். கணக்கு சார் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கார்." எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

டீச்சர் போய் அந்தப் பெண்ணின் நோட்டை எடுத்துவந்து வாசித்தார். மழை கொட்டுகிறது. தெருவெல்லாம் தண்ணீர். அம்மாவையும் தம்பியையும் அவள் மாடிக்கு ஏற்றிவிட்டாள். 'அப்பா வேலைக்குப் போயிருந்தார்.' அதோடு கதை நின்றிருந்தது.

"சார்," என்றார் அவள் அப்பாவிடம், "அவளுக்குக் கதையை முடிக்கத் தெரியல. உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வரத் தெரியாமத்தான் தூங்காம இருக்கா. இந்தத் தண்ணியை எப்படி வடிக்கிறதுன்னு எனக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

அவர் நோட்டை வாங்கி, எழுத்துக்கூட்டுகிறவர் மாதிரி மெதுவாகப் படித்தார். கடைசி வரியை மறுபடி ஒருதரம் படித்தார். பிறகு பக்கத்தின் ஓரத்தில் அவள் வரைந்திருந்த தெருப் படத்தில் விரலை வைத்தார். "இதென்ன, வடிகாலை நம்ம வீட்டுப் பக்கம் சாய்ச்சு வெச்சிருக்கா? இப்படி இருந்தா தண்ணி வராம என்ன செய்யும்?"

தலைமையாசிரியை ஒரு வாரம் தவணை கொடுத்தார். அந்த வெள்ளிக்கிழமை பிளம்பர் கடைசி பெஞ்சில், மகளுக்குப் பக்கத்தில், முட்டி இடிக்க உட்கார்ந்தார்; என்ன நடக்கிறது என்று பார்க்க நானும் வாசலில் நின்றிருந்தேன். இருவரும் குசுகுசுவென்று சண்டை போட்டே எழுதினார்கள். அவள் எழுந்து வாசித்தாள்: வருடங்களுக்கு முன்பே அப்பாவும் தெருக்காரர்களும் வடிகாலைத் தோண்டி மறுபக்கம் சாய்த்திருந்தார்கள். தண்ணீர் முழங்கால் வரை வந்து வடிந்துவிட்டது. 'அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. நனைந்துகொண்டே வந்து, துண்டு எங்கே என்று கத்தினார்.' வகுப்பே சிரித்தது. அவள் அப்பா மட்டும் குனிந்துகொண்டார். எனக்கும் கண் கலங்கியது, சொல்வதற்கென்ன.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் அப்பா மறுபடி வந்தார்; அன்றும் நான் அந்த வகுப்பில்தான் இருந்தேன். கையில் அளவு நாடாவும் ஒரு வெள்ளைத்தாளும்.

"அவ நல்லாத் தூங்குறா டீச்சர். இப்ப எனக்குத்தான் தூக்கம் போச்சு. போய் அளந்து பார்த்தேன். எங்க தெரு வடிகால் நிஜமாவே வீட்டுப் பக்கம்தான் சாயுது. மனு எழுதணும், எத்தனை அடிக்கு எவ்வளவு சாய்வுன்னு போட்டாத்தான் மதிப்பாங்க."

டீச்சர் தாளை வாங்கி அப்படியே என் பக்கம் நீட்டினார். "சார், இது உங்க பாடம்."

பிள்ளைகள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் சாக்பீஸை எடுத்தேன். நாலு வருடமாகக் கேட்ட பீரியடு அது.